அறுபத்திரண்டு உயிர்களும் என் பகல் வேலையும்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எனக்கு ஒரே ஒரு வேலை. நூற்றிருபது பூச்சிகளை எண்ண வேண்டும்.

அவ்வளவுதான். பிடிக்க வேண்டாம். கழுவ வேண்டாம். சோறு போடவும் வேண்டாம். எண்ணி, ஒரு தாளில் எழுதி, போனில் சொன்னால் போதும்.

ஒன்றிலிருந்து நூற்றிருபது வரை எனக்கு எண்ணத் தெரியும். எட்டாம் வகுப்பு வரை ஒழுங்காகப் போனவன் நான்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பர்மாவில், போட்டாதாங் பேட்டையில், படகுத்துறைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். மூன்றாவது மாடியில் தண்ணீர் பரிசோதனைக்கூடம். அதில் நான் இராக்காவல். இதற்கு முன் ஐஸ் ஆலையில் இராக்காவல், அரிசிக் கிட்டங்கியில் இராக்காவல், ஒரு லாட்ஜில் இரவு கவுன்டர். பத்தொன்பது வருடமாக ஊர் தூங்கும்போது விழித்திருக்கிறேன். ஊர் விழித்திருக்கும்போது தூங்கப் பார்க்கிறேன். இரண்டுமே எனக்குச் சரியாக வருவதில்லை.

மனைவி பாக்கியத்துக்குத் தையல் ஆலையில் பகல் வேலை. நான் வீட்டுக்குள் நுழையும் நேரத்தில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். அந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் இல்லறம். வீட்டில் ஒரே கட்டில். பத்தொன்பது வருடமாக அதுவும் ஷிஃப்டில் ஓடுகிறது.

இந்த நிலைமையில்தான் சயாமா ஒரு நாள் சொன்னார்.

சயாமா என்றால் எங்கள் கூடத்தை நடத்தும் விஞ்ஞானி. வயது முப்பதைத் தாண்டியிருக்காது. படித்த பெண்களை, டீச்சரம்மா என்பது போல, இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். மற்றவர்களுக்குப் பெயருக்கு முன்னால் மரியாதையாக, ஆணுக்கு 'ஊ', பெண்ணுக்கு 'டோ'; கொஞ்சம் நெருக்கமென்றால் ஆணுக்குக் 'கோ'.

"ஊ வேலு, ராத்திரி எல்லாம் என் புத்தகத்தை எடுத்துப் படிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். பக்கத்துல எல்லாம் டீக்கறை."

நான் தலையைக் குனிந்தேன்.

"திட்டல. பகலுக்கு ஒரு உதவியாளர் வேணும். ஞாயித்துக்கிழமை நான் அம்மாவைக் கூட்டிக்கிட்டு கியாக்தான் போறேன். ஆத்து நடுவுல இருக்கற பகோடா கோயிலுக்கு நேர்த்திக்கடன். அன்னிக்குக் காலைக் கணக்கை நீங்க எடுங்க. சரியா எடுத்தா அந்தப் பகல் வேலை உங்களுக்கு."

பகல் வேலை! இரவில் தூக்கம்! ஒரே கட்டிலில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்!

வீட்டில் போய்ச் சொன்னேன். பாக்கியம் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள். "நீங்க குறட்டை விடுவீங்களா?"

"தெரியலையே."

"எனக்கும் தெரியாது. பாப்போம்."

இனி சோதனையைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் என் அவமானம் முழுதாகப் புரியாது.

லத்தா பேட்டையில் ஒரு வியாபாரி தரை கழுவும் திரவம் தயாரிக்கிறார். எலுமிச்சை வாசனை. தரையைக் கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகும், சாக்கடை ஆற்றுக்குப் போகும். அங்கே இருக்கும் சின்ன உயிர்களுக்கு அது என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். அதற்கு நீர்த்தெள்ளு என்று ஒரு பூச்சி. கடுகில் பாதி. கண்ணாடி போன்ற உடம்பு. குட்டிகளை முதுகுப் பையில் சுமந்துகொண்டு, தண்ணீரில் தத்தித் தத்தி நீந்தும். எல்லாம் பெண்கள். ஆண் துணை இல்லாமலே குட்டி போடும்.

இதைச் சொன்னபோது பாக்கியம் சொன்னாள். "புருஷனுக்கு நைட் டூட்டியா இருக்கும்."

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குட்டிகளை எடுக்க வேண்டும். நாலு கிளாஸ், கிளாஸுக்கு ஐந்து, ஆக ஒரு வரிசைக்கு இருபது பேர். முதல் வரிசையில் வெறும் சுத்தத் தண்ணீர். அடுத்த ஐந்து வரிசைகளில் திரவம் கலந்த தண்ணீர், போகப்போகக் காரம் அதிகம். இரண்டு நாள் சாப்பாடு கிடையாது. ஒரு நாள் முடிந்ததும் ஒரு கணக்கு, இரண்டு நாள் முடிந்ததும் ஒரு கணக்கு. கிளாஸை மெதுவாக ஆட்டிவிட்டுப் பதினைந்து விநாடி பார்க்க வேண்டும். நீந்தினால் நல்லது. நீந்தாவிட்டால் 'அசையாதது' என்று எழுத வேண்டும்.

முக்கியமான விதி ஒன்று. சுத்தத் தண்ணீரில் இருக்கும் இருபது பேரில் இரண்டு பேருக்கு மேல் அசையாமல் போனால் மொத்தச் சோதனையும் குப்பை. ஒன்றும் செய்யாமலே அவர்கள் சாகிறார்கள் என்றால், மற்றவர்கள் எதனால் செத்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சயாமா எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மாலை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் கட்டடத்தைப் பெருக்கித் துடைத்து, படிக்கட்டு விளக்கு முதல் குடிதண்ணீர்ப் பானை வரை பார்த்துக்கொள்பவர் டோ மியா. எல்லாக் கதவுக்கும் சாவி அவரிடம் உண்டு. அன்று நான் பணிக்கு வந்தபோது அவர் எங்கள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிளாஸ்களைக் குனிந்து பார்த்தார்.

"என்ன கோ வேலு இது? தூசியா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாளை மறுநாள் உதவியாளர் ஆகப்போகிறவன் அல்லவா! விளக்கைப் போட்டு, கறுப்புத் துணியை விரித்து, ஒரு பிரசங்கமே செய்தேன். (பேசியது பர்மீஸ். உங்களுக்காகத் தமிழில்.)

"தூசி இல்ல டோ மியா. ஒவ்வொண்ணும் ஒரு உயிர். சயாமா எண்ணி வெச்சிருக்காங்க. சரியா நூத்தி இருபது உயிர்."

"என்ன சாப்பிடும்?"

"திங்கட்கிழமை வரைக்கும் ஒண்ணும் கிடையாது. பட்டினி. அதுக்குள்ள யார் சாகறா, யார் பிழைக்கறான்னு பாக்கணும்."

துடைப்பத்தைக் கீழே வைத்தார். "இந்த முதல் வரிசைக்கு என்ன ஊத்தியிருக்கு?"

"அதுக்கு ஒண்ணும் ஊத்தல. சுத்தத் தண்ணி. சும்மா இருப்பாங்க."

"ஒண்ணும் இல்லாம சும்மாவே பட்டினி போட்டிருக்கீங்க?"

"அதான் டோ மியா விஞ்ஞானம்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை அப்போதே கவனித்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை. அடுத்த வரிசையை விளக்கப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை. ஏழு மணிக்கு எனக்குப் பசி. கணக்கெடுக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முனை டீக்கடையில் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் ஒரு கிண்ணம் சாப்பிட்டு, ஒரு டீ குடித்து, பகல் வேலைக்காரனாக இன்னொரு டீயும் குடித்தேன். பகல் வேலைக்காரர்கள் அப்படித்தான் அவசரமில்லாமல் இரண்டாவது டீ குடிக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படியேறினேன். டோ மியா எதிரே இறங்கி வந்தார். புது ரவிக்கை. கொண்டையில் பூ. கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சு. கையில் ஒரு தட்டு. முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"கோ வேலு! இன்னிக்கு எனக்குப் பிறந்த நாள். புண்ணியம் பண்ணியிருக்கேன். அம்யா! அம்யா! அம்யா!"

'அம்யா' என்றால் 'உனக்கும் சமபங்கு' என்று பொருள். புண்ணியம் செய்தவர்கள் அப்படி மூன்று முறை சொல்லிப் பங்கு கொடுப்பார்கள். கேட்பவர் 'தாடு, தாடு, தாடு' என்று மூன்று முறை சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். நல்லது செய்தாய், நானும் மகிழ்கிறேன் என்று அர்த்தம். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனால் இந்த ஊரில் பிறந்தவன். கொடுக்கும் புண்ணியத்தை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

"தாடு! தாடு! தாடு!" என்றேன். கையையும் கூப்பினேன். நல்லா வாய் நிறைய.

மேலே போனேன். விளக்கைப் போட்டேன். கண்ணாடியை மாட்டினேன். பேனாவைத் திறந்தேன்.

முதல் வரிசை, முதல் கிளாஸ். மெதுவாக ஆட்டினேன். பதினைந்து விநாடி பார்த்தேன்.

ஒன்றும் அசையவில்லை.

இரண்டாவது கிளாஸ். அதிலும் ஒன்றும் அசையவில்லை. மூன்று, நாலு, அப்படியே. ஐயோ, எல்லாம் போச்சு! சுத்தத் தண்ணீரில் இருபது பேரும் செத்தார்கள்!

பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். செத்தவர்களும் இல்லை. கிளாஸில் தண்ணீர் மட்டும் இருந்தது. ஒவ்வொரு கிளாஸுக்குப் பக்கத்திலும் ஒரு மல்லிகைப்பூ.

இரண்டாவது வரிசையும் அப்படியே. மூன்றாவதில் மூன்று பிணம் மட்டும். நான்காவதில் கொஞ்சம் பேர். கடைசி இரண்டு வரிசையில் யாரும் கைவைக்கவில்லை. ஆனால் அங்கேயும் பூ இருந்தது.

மூன்று மாடியை மூன்று தாவலில் இறங்கினேன்.

"டோ மியா! பூச்சி எல்லாம் எங்கே?"

"விடுதலை பண்ணிட்டேன்."

"என்னது!"

"பிறந்த நாள் இல்லையா? உயிர் விடுதலை. வயசை விட ஒண்ணு கூட விடணும். எனக்கு இன்னிக்கு அறுபத்தி ஒண்ணு முடியுது. அப்ப அறுபத்திரண்டு உயிர் வேணும். வருஷா வருஷம் சந்தையில மீன் வாங்கி விடுவேன். இந்த வருஷம் மீன் விலை கேட்டியா? பத்து மீன் விட்டா எனக்கு ஒன்பது வயசுதான் ஆகும். அப்பதான் நீயே சொன்னே, எண்ணி வெச்ச உயிர் நூத்தி இருபது இருக்குன்னு."

"அது சோதனைக்கு டோ மியா! கம்பெனியோடது!"

"எனக்கு வழி காட்டினதே நீதானே!"

"நானா?"

"நீதான். வாரா வாரம் ஒரு பாட்டிலைக் கொண்டாந்து இந்தத் தாமரைப் பானையில ஊத்துவியே. யாருக்கும் தெரியாம புண்ணியம் பண்றான், நல்ல மனுஷன்னு நினைச்சுக்குவேன்."

அது உண்மை. வளர்ப்புத் தொட்டியில் மிஞ்சும் பூச்சிகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த இடத்தில் அசைகிற உயிர் நானும் அவர்களும்தான். அழிக்கக் கை வரவில்லை. படிக்கட்டுக்குக் கீழே, குடிதண்ணீர்ப் பானைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் தாமரைப் பானையில் ஊற்றிவிடுவேன். ஒரு வருடமாக!

"அங்கேதான் விட்டேன்" என்றார் டோ மியா. "ஆத்துல விட்டா மீன் தின்னுடும். பானையில மீன் இல்ல. சொந்தக்காரங்களும் நிறைய இருக்காங்க."

பானையைக் குனிந்து பார்த்தேன். அறுபத்திரண்டு பேரைத் தேடிப் போனவனுக்கு அங்கே ஆயிரக்கணக்கில் தரிசனம். பாட்டி, அம்மா, மகள், பேத்தி, எல்லாரும் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தார்கள். எவள் என்னுடையவள்?

அந்த நேரம் பார்த்து போன். சயாமா.

"ஊ வேலு, எட்டே கால் ஆச்சு. கன்ட்ரோல் எப்படி இருக்கு?"

கன்ட்ரோல் என்றால் அந்தச் சுத்தத் தண்ணீர்க் கூட்டம். நான் பானையைப் பார்த்தேன்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க சயாமா."

இது பொய் இல்லை.

"அசையாதது எத்தனை?"

"ஒண்ணும் இல்ல. எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க."

"சரி, மத்ததை எழுதி வைங்க" என்று வைத்துவிட்டார்.

உடனே பாக்கியம் போனில் கூப்பிட்டாள். "என்னாச்சுங்க? எண்ணியாச்சா?"

நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்கும் அந்தக் கட்டில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது.

"உள்ளதைச் சொல்லிடுங்க."

"சொன்னா வேலை போயிடும் பாக்கியம்."

"இன்னும் கிடைக்காத வேலை எப்படிப் போகும்? புதுசா எதையும் பண்ணி வெக்காதீங்க. நீங்க யோசிச்சுப் பண்ணின எதுவுமே உருப்பட்டதில்ல."

இது வாஸ்தவம். ஆனாலும் யோசித்தேன்.

டோ மியா பகோடாவுக்குக் கிளம்பட்டும் என்று காத்திருந்தேன். அவர் தெரு முனை திரும்பியதும், டீ வடிகட்டியும் சொட்டுக் குழாயுமாகப் பானைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அறுபத்திரண்டு பேரைப் பிடித்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒரே குடும்பம்தானே!

நாலு பேரைப் பிடித்திருப்பேன்.

"கோ வேலு!"

குடையை மறந்து திரும்பி வந்திருக்கிறார்.

"விட்ட உயிரை மறுபடியும் பிடிக்கிறியா? என் பிறந்த நாள்ல?"

வடிகட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். லொஞ்ஜிக் கைலியில் தண்ணீர் ஒழுகியது. "இல்ல டோ மியா. இது உங்க ஆளுங்க இல்ல. பழைய ஆளுங்க."

"எப்படித் தெரியும்?"

"முகஜாடை."

"அப்ப என் ஆளுங்க எங்க, காட்டு!"

காட்ட முடியவில்லை.

"யார் யாருன்னு தெரியலன்னா யாரையும் தொடாதே. நீ தாடு சொல்லியிருக்கே, ஞாபகம் வெச்சுக்க. வாங்கின புண்ணியத்தைத் திருப்பிக் குடுக்கறியா?"

குடையை ஒரு முறை பானை பக்கம் நீட்டி எச்சரித்துவிட்டுப் போனார். இந்த முறை நான் பத்து நிமிடம் பொறுத்தேன். என்னவோ, அத்தனை வருடம் கிட்டங்கி காத்தவன், அன்றைக்குத் திருடன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு பானையில் கைவிட்டேன்.

தெருவில் போன முனை டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "கோ வேலு, டீத்தூள் விழுந்திடுச்சா?"

"ஆமா" என்றேன்.

இரண்டு மணி நேரம்! சின்னதாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தேன். இரவெல்லாம் விழித்த கண்ணுக்குப் பெரிது சின்னது எல்லாம் ஒன்றுதான். கொண்டுபோய், குறைந்திருந்த ஒவ்வொரு வரிசையிலும் விட்டேன். சுத்தத் தண்ணீரில் இருபது. கிளாஸுக்கு ஐந்து, இரண்டு முறை எண்ணினேன். பதினொரு மணிக்கு நாற்காலியில் சாய்ந்தேன். வேலை முடிந்தது என்று ஒரு நிம்மதி. அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். பகலில் அவ்வளவு நன்றாக நான் தூங்கியதே இல்லை.

"ஊ வேலு."

கண் விழித்தால் சயாமா நிற்கிறார். கையில் கியாக்தான் பிரசாதப் பை. மணி ஒன்றரை.

"சயாமா! நேர்த்தி?"

"முடிஞ்சுது. கன்ட்ரோல் 'சந்தோஷமா இருக்கு'ன்னு இதுவரைக்கும் எந்த அறிக்கையிலயும் நான் படிச்சதில்ல. அதான் கிடைச்ச முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்தேன்."

குனிந்து சுத்தத் தண்ணீர் வரிசையைப் பார்த்தார். முதல் கிளாஸ். இரண்டாவது. மூன்றாவதில் நின்றார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இந்த வரிசையில எத்தனை போட்டோம்?"

"இருபது சயாமா."

"இப்ப எண்ணுங்க."

எண்ணினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன். மூன்றாவது கிளாஸில் ஒரு பெரிய தாய் நடுநாயகமாக நீந்திக்கொண்டிருந்தாள். முதுகுப் பை காலி. அவளைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஒரு கூட்டம். நான் அங்கே குறட்டை விட்ட நேரத்தில், இங்கே இவளுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது!

"எத்தனை?"

"முப்பத்தொண்ணு சயாமா."

"போட்டது இருபது. அப்ப சாவு எத்தனை?"

தப்பிக்க வழியில்லை. கணக்கு கணக்குதான்.

"மைனஸ் பதினொண்ணு சயாமா."

சயாமா ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "சொல்லுங்க" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மொஹிங்கா, இரண்டாவது டீ, தாடு, பானை, வடிகட்டி, ஒரு வருடமாக ராத்திரி இரண்டு மணிக்கு நான் செய்துவந்தது, எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தப்பா எண்ணியிருந்தா திருத்திக்கலாம் ஊ வேலு. பூச்சி இல்லன்னு சொல்லியிருந்தா மறுபடி வெச்சிருக்கலாம். இல்லாததை இருக்குன்னு எண்ணி வெச்சா, நான் எதை நம்பறது?"

இதற்குப் பதில், டீக்கறை பட்ட அந்தப் புத்தகத்திலும் இருந்திருக்காது.

டோ மியாவைக் கூப்பிட்டோம். வந்தார். பயந்துபோயிருந்தார். பூ வாடியிருந்தது.

"தப்புன்னா மன்னிச்சிடு சயாமா. சும்மா இருந்தவங்களைப் பட்டினி போட்டிருந்ததால, மனசு கேக்கல."

"பரவாயில்ல டோ மியா. எந்தெந்த கிளாஸ்லேருந்து எத்தனை எடுத்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இல்லாம? வயசுக் கணக்கு ஆச்சே! ஒண்ணு குறைஞ்சா ஆயுசு குறையும். முதல் வரிசையில இருபது பேரும் ஆடினாங்க, எடுத்தேன். ரெண்டாவதுலயும் இருபது. மூணாவதுல பதினேழு பேர்தான் ஆடினாங்க, மூணு பேர் படுத்துட்டாங்க. ஐம்பத்தேழு ஆச்சா? நாலாவதுல ஒன்பது பேர் ஆடினாங்க, எனக்கு அஞ்சு போதும், நாலு பேரை விட்டுட்டேன். அடுத்ததுல ரெண்டு பேருக்குத்தான் உசுரு இருந்துச்சு. கடைசியில யாருமே இல்ல. அவங்களுக்குப் பூ மட்டும் வெச்சேன்."

சயாமா மூன்றாவது வரிசையில் பிணங்களை எண்ணினார். மூன்று. சரியாக மூன்று.

"கண்ணாடி இல்லாமலா பாத்தீங்க?"

"போன வருஷம் கண்ணுல புது லென்ஸ் வெச்சாங்க. அதுக்கு முன்னாடி நாப்பது வருஷம் அரிசியில கல் பொறுக்கியிருக்கேன்."

"ஆடுது, ஆடலைன்னு எப்படி முடிவு பண்ணினீங்க?"

"கிளாஸை மெதுவா ஒரு ஆட்டு ஆட்டுவேன். சின்னதா ஒரு பிரார்த்தனை சொல்வேன். அது முடியறதுக்குள்ள நீந்தினா உயிர் இருக்கு. செத்ததை விட்டா விடுதலை ஆகாதே!"

"அந்தப் பிரார்த்தனையை இப்ப சொல்லுங்க."

டோ மியா கண்ணை மூடிச் சொன்னார். சயாமா போனில் நேரம் பார்த்தார்.

பதினைந்து விநாடி.

சயாமா என்னைப் பார்த்தார். நான் தாமரைப் பானை இருக்கும் திசையைப் பார்த்தேன்.

சோதனை குப்பைதான். இரண்டாவது நாள் கணக்குக்கு ஆட்கள் வேண்டுமே! அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து. லத்தா வியாபாரிக்குச் சயாமாவே போன் செய்து, தாமதமாகும் என்று சொன்னார். காரணத்தைச் சொன்னதாகத் தெரியவில்லை.

பிறகு டோ மியாவிடம் கேட்டார். "பகல்ல எங்ககூட வேலை பாக்கறீங்களா? எண்ணித் தர்ற வேலை."

டோ மியா பதிலுக்குக் கேட்டார். "உயிரைக் கொல்ற வேலை இல்லையா சயாமா?"

"இந்த நூத்தி இருபது பேர் சொல்லலன்னா, அந்தத் தண்ணி நேரா ஆத்துக்குத்தான் போகும். அங்க எத்தனை பேர்னு யாரும் எண்ணப் போறதில்ல."

டோ மியா கடைசி வரிசையைப் பார்த்தார். "சாகறவங்க பக்கத்துல யாராவது இருக்கறதும் நல்லதுதான்" என்றார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் சுத்தத் தண்ணீர்க்காரர்களை அவரே தாமரைப் பானையில் விடுவார். முன்பு வருடத்துக்கு ஒரு நாள்தான் புண்ணியம். இனிமேல் சோதனைக்கு இருபது.

சயாமா ஒப்புக்கொண்டார்.

அன்றைய இராக்காவலையும் முடித்துவிட்டு, திங்கட்கிழமை காலை வீட்டுக்குப் போனேன். பாக்கியம் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு இருந்தது பத்து நிமிடம். எட்டு நிமிடத்தில் கதையைச் சொல்லி முடித்தேன்.

"புதுசா ஒண்ணும் பண்ணி வெக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"ஆக, அந்தம்மாவுக்குப் பகல் வேலை."

"ஆமா."

"உங்களுக்கு?"

"அவங்க புண்ணியத்துல சமபங்கு."

பாக்கியம் கட்டிலை ஒரு முறை பார்த்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள். செருப்பை மாட்டினாள்.

"தாடு, தாடு, தாடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.